மேக்னம் வாங்குமுன் ஒரு கணக்கு

அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் ரஷ்யன் ஆறு என்றொரு ஆறு ஓடுகிறது. கோடை வந்தால் சாக்கை சால்மன் மீன்கள் கடலை விட்டு ஆற்றில் எதிர்நீச்சலடித்து ஏறும். அவற்றைப் பிடிக்கத் தூண்டிலோடு முழங்கால் தண்ணீரில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். அதே மீனைத் தேடி அதே கரைக்குப் பழுப்புக் கரடியும் வரும். வளர்ந்த ஆண் கரடி 300 கிலோ எடையைத் தாண்டக்கூடியது. ஓட ஆரம்பித்தால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். அதனால் சிலர் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு உறையை மாட்டி, அதில் கனத்த ரிவால்வர் ஒன்றைச் செருகிக்கொண்டு மீன் பிடிக்கிறார்கள். பல நேரம் அது .44 மேக்னம்.

புதிதாகக் குடிவந்தவருக்கும் ஒரு நாள் அந்த யோசனை வரும்: நாமும் ஒன்று வாங்கி வைத்தால் என்ன? கடைக்குப் போனால் விற்பவர் குண்டின் ஆற்றலைச் சொல்வார். சாதாரணக் கைத்துப்பாக்கியைப் போல இத்தனை மடங்கு என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய எண் குழலின் முன்பக்கம் இல்லை, பிடியின் பின்பக்கம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பள்ளியில் படித்த உந்த அழிவின்மை விதியே போதும். தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்த விதிகளில் இது ஒன்று. கைத்துப்பாக்கிக் கடையில் இதைப் போலக் காசு மிச்சப்படுத்தும் விதி வேறில்லை.

.44 என்பது அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம். உண்மையில் அளந்தால் .429 அங்குலம்தான் இருக்கும், ஏறக்குறைய 11 மில்லிமீட்டர். துப்பாக்கி உலகத்தில் பெயரும் அளவும் பொருந்தி வருவது அபூர்வம்; .38 ஸ்பெஷலும் .357 மேக்னமும் ஒரே விட்டமுள்ள குண்டையே சுடுகின்றன. .44 மேக்னம் பிறந்த கதைக்குப் பின்னால் எல்மர் கீத் என்ற ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர் இருக்கிறார். பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் தானே கூடுதல் மருந்து அடைத்துச் சுட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கம்பெனிகளையும் விடாமல் நச்சரித்தார். 1950-களின் நடுவில் ரெமிங்டன் தோட்டாவைச் செய்தது, ஸ்மித் அண்டு வெஸ்ஸன் துப்பாக்கியைச் செய்தது. அந்தத் துப்பாக்கிக்கு 1957-இல் மாடல் 29 என்று பெயரிட்டார்கள். வேட்டைக்காரர்கள் மட்டும் வாங்கிக்கொண்டிருந்த அதை, 1971-இல் ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் எடுத்தார். அதற்குப் பிறகு கரடியையே பார்த்திராத நகரத்துக்காரர்களும் கடைக்கு வர ஆரம்பித்தார்கள்.

இனி கணக்கு. வழக்கமான .44 மேக்னம் குண்டு 240 கிரெயின், அதாவது 15.5 கிராம். ஆறரை அங்குலக் குழலிலிருந்து அது நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் வெளியேறும். எடையைக் கிலோவில் வைத்து வேகத்தால் பெருக்கினால் உந்தம் 6.2. இதோடு முடியவில்லை. எரிந்த வெடிமருந்து வாயுவாகி, குண்டை விட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் பின்னாலேயே பீறிட்டு வருகிறது. ஒன்றரை கிராம் மருந்துதான் என்றாலும் அதன் பங்காக இன்னொரு 1.3 சேரும். மொத்தம் 7.5. முன்னால் போகும் உந்தம் எவ்வளவோ அவ்வளவு பின்னாலும் வந்தாக வேண்டும். எந்தக் கம்பெனியும் இதில் தள்ளுபடி தர முடியாது. மாடல் 29-இன் எடை சுமார் 1.37 கிலோ. 7.5-ஐ அதால் வகுத்தால், துப்பாக்கி நொடிக்கு 5.5 மீட்டர் வேகத்தில் உள்ளங்கைக்குள் பாய்கிறது.

5.5 மீட்டர் என்றால் எப்படி இருக்கும்? அதே துப்பாக்கியை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து யாரோ கைவிட, நீங்கள் கீழே உள்ளங்கையில் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. எடையும் அதே, வேகமும் அதே. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மற்றவற்றையும் பார்க்கலாம். ஒரு கிலோ எடையுள்ள .38 ஸ்பெஷல் ரிவால்வர் 35 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, யாரும் பிடித்துவிடலாம். 1.13 கிலோ எடையுள்ள .357 மேக்னம் சுமார் 90 சென்டிமீட்டர். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 2003-இல் கொண்டுவந்த மாடல் 500 இரண்டு கிலோவுக்கு மேல் எடை, சுடும் குண்டு அரை அங்குல விட்டம். அது 3 மீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. நம் கான்பூர் தொழிற்சாலையில் செய்யும் .32 ரிவால்வரை இந்த வரிசையில் வைக்கவே கூச்சமாக இருக்கும். அதன் குண்டின் ஆற்றல் சுமார் 145 ஜூல்; .44 மேக்னத்துடையது எட்டு மடங்குக்கு மேல்.

கடைக்காரர் சொல்லும் ஆற்றல் கணக்கு இங்கேதான் ஆளை ஏமாற்றுகிறது. குண்டுக்கும் துப்பாக்கிக்கும் உந்தம் சமமாகப் பிரிகிறது, ஆற்றல் சமமாகப் பிரிவதில்லை. ஆற்றலில் வேகம் வர்க்கமாக வருவதால் லேசான பொருளே பெரும்பங்கைத் தட்டிக்கொண்டு போகும். குண்டுக்கு 1,240 ஜூல், கைக்கு 21 ஜூல். இந்த ஏற்பாடு இல்லையென்றால் துப்பாக்கி என்ற கருவியே மனிதனால் கையாள முடியாததாக இருந்திருக்கும். ஆனால் இதே ஏற்பாடு துப்பாக்கியின் எடையைக் குறைக்கிறவர்களைப் பழிவாங்கவும் செய்கிறது.

உதாரணம் இருக்கிறது. நாள் முழுக்கச் சுமக்க 1.37 கிலோ கனக்கிறதே என்று, ஸ்காண்டியம் சேர்த்த அலுமினியக் கலவையில் சட்டகமும் டைட்டானியத்தில் சிலிண்டரும் வைத்து மாடல் 329 என்ற ரிவால்வரை ஸ்மித் அண்டு வெஸ்ஸன் செய்தது. எடை சுமார் 710 கிராம். மலையேறுபவருக்கு இதைவிட வசதி கிடையாது. குழல் குட்டையானதால் குண்டின் வேகம் கொஞ்சம் குறையும். 370 மீட்டர் என்று வைத்தாலும் மொத்த உந்தம் 7. அதை 710 கிராமால் வகுத்தால் துப்பாக்கியின் வேகம் நொடிக்குப் பத்து மீட்டர். நம் அளவுகோலில் 5 மீட்டர் உயரம். ஆற்றல் 21 ஜூலிலிருந்து 35 ஜூலாகிவிட்டது. சுமக்கச் சுகமானது சுடும்போது மணிக்கட்டைப் பதம் பார்க்கிறது. இத்தனை லேசான துப்பாக்கியில் இன்னொரு வேடிக்கையும் நடக்கலாம். முதல் குண்டைச் சுடும்போது மொத்தத் துப்பாக்கியும் வெடுக்கென்று பின்னால் போகிறது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் பித்தளை உறைகளையும் அது கூடவே இழுத்துக்கொண்டு போகும். உறையின் வாயில் செருகியிருக்கும் கனமான ஈயக் குண்டுகளோ, நியூட்டனின் முதல் விதிப்படி இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கின்றன. பிடிப்பு தளர்வாக இருந்தால் குண்டு உறையிலிருந்து மெல்ல முன்னால் நழுவும். சிலிண்டரின் முகப்பைத் தாண்டித் தலைநீட்டினால் சட்டகத்தில் இடித்துச் சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடும். கரடி எதிரில் இருக்கும்போது இது நடந்தால் கையில் இருப்பது 710 கிராம் உலோகம், அவ்வளவே.

சினிமா கற்றுக்கொடுத்த ஒன்றையும் இந்த விதி அடித்து வீழ்த்துகிறது. சுடப்பட்டவன் பின்னால் தூக்கி எறியப்படுவதைத் தமிழ்ப் படங்களிலும் ஹாலிவுட்டிலும் எத்தனை முறை பார்த்திருப்போம்! 300 கிலோ கரடிமேல் 6.2 உந்தமுள்ள குண்டு முழுவதுமாகத் தங்கிவிட்டால்கூடக் கரடியின் வேகத்தில் ஏற்படும் மாற்றம் நொடிக்கு 2 சென்டிமீட்டர். நொடிக்குப் பதினான்கு மீட்டரில் வரும் விலங்குக்கு அது தெரியவே தெரியாது. கரடியை வீழ்த்தும் பலம் குண்டின் உந்தத்தில் இருந்திருந்தால் சுட்டவரும் கூடவே விழுந்திருப்பார். ஓடிவரும் விலங்கை உடனே நிறுத்துவது மூளையிலோ தண்டுவடத்திலோ படும் காயம்தான். இதயத்தில் பட்டாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு சில நொடிகள் ஓடும். அந்தச் சில நொடிகளே அதற்குப் போதும். பெரிய குண்டால் உண்மையான லாபம் ஒன்று உண்டு: தடித்த தசையையும் எலும்பையும் துளைத்து ஆழமாகப் போகும். கரடி நாட்டுக்காரர்கள் பூப்போல விரியும் குண்டைத் தவிர்த்து, கெட்டியாக வார்த்த தட்டை முனைக் குண்டை விரும்புவது இதனால்தான். ஆனால் ஆழமாகப் போவதற்கு முன்னால் சரியான இடத்தில் பட வேண்டும். இங்கேதான் டிரிகர் வருகிறது.

டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் டிரிகருக்கு வேலை அதிகம். அதை இழுக்க ஆரம்பித்ததும் உள்ளே ஒரு சிறு நெம்புகோல் மேலெழுந்து, சிலிண்டரின் பின்முகத்தில் நட்சத்திரம் போல வெட்டப்பட்ட பற்களில் ஒன்றைத் தள்ளும். சிலிண்டரைப் பூட்டியிருக்கும் குமிழ் உள்ளிழுத்துக்கொண்டு வழிவிடும். அடுத்த அறை குழலுக்கு நேராக வந்ததும் குமிழ் எழும்பிப் பள்ளத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். இதெல்லாம் நடக்கும்போதே சுத்தியல் ஒரு வலுவான வில்லை அழுத்தியபடி பின்னால் சாய்ந்துகொண்டிருக்கும். கடைசியில் பிடி நழுவி முன்னால் பாய்ந்து தோட்டாவின் அடியைத் தட்டும். ஒரே விரலின் ஒரே இழுப்பில் இத்தனையும். சுத்தியலைக் கட்டைவிரலால் முன்கூட்டியே பின்னால் இழுத்து வைத்துவிட்டால் டிரிகருக்கு விடுவிக்கும் வேலை மட்டும்தான். அது சிங்கிள் ஆக்‌ஷன். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடைக்குச் சமமான இழுப்பு போதும். டபுள் ஆக்‌ஷனுக்கு ஐந்து கிலோ அளவுக்கு வேண்டும்.

1.37 கிலோ பொருளை அந்தரத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் ஒரு முனையை ஐந்து கிலோ விசையில் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். இழுப்பு நேர் பின்னால் இல்லாமல் இம்மி பக்கவாட்டில் சாய்ந்தாலும் குழல் திரும்பும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்றால், முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் 15 மீட்டர் தூரத்தில் குண்டு ஏழரை சென்டிமீட்டர் விலகிப் போகும். கை சிறியவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். ஆறு .44 தோட்டாக்களைச் சுமக்கும் சிலிண்டர் 43 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ளது. அதற்கேற்ற சட்டகம் பெரியது. டிரிகர் தூரத்தில் இருக்கும். விரல் நுனி மட்டும் எட்டினால் இழுப்பு கட்டாயம் பக்கவாட்டில்தான் போகும். பிடியைத் திருப்பிப் பிடித்து எட்டினால் உதை நேராக மணிக்கட்டுக்கு வராமல் கட்டைவிரல் கணுவில் இறங்கும். வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது: சரியாகப் பிடித்த நிலையில் உங்கள் ஆள்காட்டி விரலின் முதல் மூட்டு டிரிகருக்கு எட்டுகிறதா?

இந்த ஒற்றை இழுப்பு முறை எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய கதைதான். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட்டும் ஆங்கிலேயரான ராபர்ட் ஆடம்ஸும் ஆளுக்கொரு ரிவால்வரை வைத்தார்கள். கோல்ட்டுடையது ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலை இழுக்க வேண்டியது. தூரக் குறிக்கு நல்லது. ஆடம்ஸுடையதில் டிரிகரை மட்டும் இழுத்தால் போதும். நெருக்கடியில் வேகம், ஆனால் குறி சுமார். ராயல் என்ஜினியர்ஸ் படையின் ஃபிரெடரிக் பியூமான்ட் 1856-இல் இரண்டையும் ஒரே துப்பாக்கியில் சேர்த்தார். இன்றைய டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்கள் அந்த வழியில் வந்தவை. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் பிரச்சினை அதேதான்: நிதானமாகச் சுட நேரமிருந்தால் சுத்தியலை இழுத்து வைக்கலாம், கரடி முப்பது மீட்டரில் கிளம்பினால் உங்களிடம் இருப்பது இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் உறையிலிருந்து எடுக்கவும் வேண்டும். முதல் குண்டு ஐந்து கிலோ இழுப்பில்தான் போகும். ஒருவேளை இரண்டாவதும் போகலாம்.

சரி, உதை அதிகம் என்றால் குறி ஏன் கெட வேண்டும்? குண்டு குழலுக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லி நொடி. அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்வது இரண்டு மில்லிமீட்டர். கை உதையை உணர்ந்து அசைவதற்குள் குண்டு எப்போதோ போய்விட்டது. ஆகவே உதையால் குறி தவற முடியாது என்று கணக்குச் சொல்லும். கணக்கு சரி. குறியைக் கெடுப்பது வந்த உதை இல்லை, வரப்போகும் உதை. சில குண்டுகள் சுட்டதும் மூளை பாடம் கற்றுக்கொள்கிறது: டிரிகர் இத்தனை தூரம் வந்ததும் ஓர் அடி விழும். அடுத்த முறை அந்த நொடிக்குச் சற்று முன்பே தசைகள் இறுகிக் குழலைக் கீழே தள்ளும், கண் மூடும். சுடுபவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் வெடிச்சத்தமும் உதையும் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும்.

இதை வெளிக்கொண்டுவர எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கி இருக்கும் என் அக்கா மகன் ஒரு சுடுதளத்தில் பயிற்சி எடுக்கும்போது பின்னால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். பயிற்சியாளர் திரும்பி நின்று சிலிண்டரில் மூன்று நிஜத் தோட்டாவும் மூன்று போலித் தோட்டாவும் கலந்து போட்டு, சிலிண்டரைச் சுழற்றி மூடிக் கொடுத்தார். முதல் இழுப்பில் வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவது இழுப்பில் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். ஆனால் குழலின் முனை நாலு விரற்கடை கீழே குத்தி நின்றது. வெளியே வந்ததும் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “அது என்னைச் சுடலை மாமா, நானே பயந்து குனிஞ்சிருக்கேன்.” அவன் சுட்டது .357. அதற்கே இந்தப் பாடு.

உதை ஒரு பக்கம் இருக்க, முனை மேலே எகிறுவது வேறு பிரச்சினை. ரிவால்வரில் சிலிண்டரின் உச்சியில் இருக்கும் அறைக்கு நேராகக் குழல் இருக்கிறது. கை அதற்கு வெகு கீழே பிடிக்கிறது. உதையின் கோடு கைக்கு மேலே போவதால் திருப்புவிசை உண்டாகி முனை எகிறும். எமிலியோ கிசோனி என்ற இத்தாலிய வடிவமைப்பாளர் இதற்கு ஒரு மாற்று கண்டார். குழலைச் சிலிண்டரின் அடி அறைக்கு நேராக வைத்துவிட்டார். கியாப்பா நிறுவனத்தின் ரைனோ ரிவால்வர் அப்படித்தான் இருக்கிறது. பார்க்க அசிங்கம், சுட்டால் முனை அவ்வளவாக எகிறாது. அழகுக்காக ரிவால்வர் வாங்குகிறவர்கள் அதைத் தொடுவதில்லை என்பது என் ஊகம்.

ஆறு குண்டா ஐந்து குண்டா என்பதிலும் ஒரு வடிவியல் ஒளிந்திருக்கிறது. ஆறு அறைகளில் ஒன்று நேர் மேலே இருந்தால் இன்னொன்று நேர் கீழே இருக்கும். பூட்டும் குமிழ் நேர் கீழிருந்து வந்தால் அதற்கான பள்ளத்தை அறையின் சுவர் மிக மெலிந்த இடத்திலேயே வெட்ட வேண்டி வரும். ஐந்து அறைகள் என்றால் நேர் கீழே இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள கெட்டியான பகுதி வரும். .44 மேக்னத்தின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 2,400 மடங்கு; .454 கஸூல் என்ற இன்னொரு தோட்டாவில் அதைவிட எக்கச்சக்கம். மாடல் 500 போன்ற ராட்சதர்கள் ஐந்தோடு நிறுத்திக்கொள்வதற்கு இடப்பற்றாக்குறை முதல் காரணம், இந்தச் சுவர் இன்னொன்று.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே சுழல இடம் வேண்டுமே, அதற்காக விடும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு. அந்தச் சந்து வழியாகச் சூடான வாயு இரண்டு பக்கமும் கத்தி போலப் பாயும். பிஸ்டலைப் பிடித்துப் பழகியவர்கள் இடக்கைக் கட்டைவிரலை முன்னால் நீட்டி வைப்பார்கள். பெரிய ரிவால்வரில் அப்படி வைத்தால் விரல் கிழியும். சத்தமும் சாதாரணமானதில்லை. ஒரே அடியில் காதைக் கெடுக்கும் எல்லை 140 டெசிபெல் என்று வைத்திருக்கிறார்கள். மேக்னம் ரிவால்வர் 160-ஐத் தாண்டும். சுடுதளத்தில் காதுக்குள் அடைப்பானும் வெளியே மூடியும் சேர்த்துப் போடுவார்கள். கரடி வரும் நேரத்தில் எதுவும் போட்டிருக்க மாட்டோம்.

பெரிய குண்டுக்கு ஆசைப்பட்டுத் திரும்பி வந்த வரலாறு ஒரு அரசு நிறுவனத்துக்கே உண்டு. 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையரோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ இரண்டு அதிகாரிகளை இழந்தது. குண்டு போதிய ஆழம் போகவில்லை என்று முடிவுகட்டி, 10 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு மாறினார்கள். பல அதிகாரிகளால் அதன் உதையைச் சமாளிக்க முடியவில்லை. மருந்தைக் குறைத்தார்கள், குறைத்த மருந்துக்கு அத்தனை பெரிய உறை எதற்கு என்று உறையைக் குட்டையாக்க, 1990-இல் .40 எஸ்அண்டுடபிள்யூ தோட்டா பிறந்தது. கடைசியில் குண்டுகளின் தரம் உயர்ந்ததும், வேகமாகவும் சரியாகவும் சுட முடிகிறது என்ற காரணத்தோடு 2010-களின் நடுவில் 9 மில்லிமீட்டருக்கே திரும்பினார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி எடுக்கிறவர்கள் நிலைமை இது.

கரடிக்கு வருவோம். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் டாம் ஸ்மித்தும் கரடித் தாக்குதல் ஆய்வில் பழம்பெரும் பெயரான ஸ்டீபன் ஹெரெரோவும் சகாக்களோடு அலாஸ்காவின் பதிவுகளைத் தோண்டி எடுத்தார்கள். 2012-இல் வெளியான ஆய்வில் 1883 முதல் 2009 வரை துப்பாக்கி கையில் இருந்தபோது நடந்த 269 சந்திப்புகள். கைத்துப்பாக்கி 84 சதவீதம் வேலை செய்தது, நீளத் துப்பாக்கி 76 சதவீதம். கைத்துப்பாக்கி நிகழ்வுகள் குறைவென்பதால் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. யோசிக்க வைப்பது வேறொன்று. துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களுக்கும், வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் காயத்தில் வித்தியாசம் காணப்படவில்லை. அதே குழு 2008-இல் கரடி ஸ்பிரேயைப் பற்றி எழுதியது. நம் மிளகாயில் எரிச்சலைத் தரும் அதே கேப்சைசின்தான் அதிலும். பழுப்புக் கரடிகளிடம் அது 92 சதவீதம் வேலை செய்தது. நெருக்கத்தில் சிக்கிய ஸ்பிரேக்காரர்களில் 98 சதவீதம் பேர் காயமில்லாமல் தப்பினார்கள். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. ஸ்பிரே ஆய்வில் வேடிக்கை பார்க்க வந்த கரடிகளும் உண்டு, பாய்ந்து வந்தவை மட்டும் இல்லை. இருந்தாலும் காரணம் புரிகிறது. ஸ்பிரேக்கு உதை கிடையாது, ஐந்து கிலோ இழுப்பு கிடையாது. மேகம் போலப் பரவுவதால் மில்லிமீட்டர் துல்லியமும் தேவையில்லை.

துப்பாக்கி கரடிக்காக வாங்கப்பட்டாலும் வருஷத்தில் பெரும்பாலான நாள் வீட்டில்தான் இருக்கும். கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம் வைத்திராதவர்களைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. எந்த ரகமானாலும் இந்த அபாயம் மாறாது. பூட்டிய பெட்டி வாங்கக் காசில்லை என்றால் துப்பாக்கி வாங்கவும் காசில்லை என்றே கொள்ள வேண்டும்.

அமெரிக்காவிலுள்ள நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் வைத்திருத்தலாகவே கொள்ளப்படலாம். நண்பர் கூப்பிட்டார் என்று போய் நின்றுவிடாதீர்கள்.

அப்படியானால் வாங்கலாமா? கரடி நாட்டில் வாழ்கிறவர், சட்டப்படி தகுதி உள்ளவர், மாதந்தோறும் பயிற்சி செய்ய மனமுள்ளவர் என்றால் என் தீர்ப்பு: எஃகில் செய்த, ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாத .44. அதில் முதல் ஆண்டு முழுக்க .44 ஸ்பெஷல் தோட்டாவை மட்டும் போடுங்கள். ஸ்பெஷல் உறை மேக்னத்தைவிட மூன்று மில்லிமீட்டர் குட்டை. மேக்னம் துப்பாக்கியில் ஸ்பெஷல் போகும், ஸ்பெஷல் துப்பாக்கியில் மேக்னம் போகாது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். ஸ்பெஷலின் உதை நம் அளவுகோலில் 40 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சுட்டு முடித்ததும் அறைக்குள் குட்டை உறையின் வாய் இருந்த இடத்தில் கரி வளையமாகப் படிந்திருக்கும். பித்தளைத் தூரிகையால் அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் நீள உறை சிக்கும். பழைய துப்பாக்கி வாங்கினால், வெற்று என்று இரண்டு முறை சரிபார்த்த பிறகு சுத்தியலை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். சுத்தியல் பின்னால் நிற்பதற்கு முன்பே சிலிண்டர் ‘டக்’ என்று பூட்ட வேண்டும். பூட்டவில்லையென்றால் குண்டு குழலின் விளிம்பில் உரசிக்கொண்டு போகும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 710 கிராம் வகையை யார் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மற்றவர்களுக்கு .357 தாராளம், அதிலும் .38 ஸ்பெஷல் போட்டுப் பழகலாம். வருஷத்துக்கு ஒரு முறை மீன் பிடிக்கப் போகிறவருக்கு அதுகூடத் தேவையில்லை. எதை வாங்குவதானாலும் முதலில் சுடுதளத்தில் அதே ரகத்தை வாடகைக்கு எடுத்து, சுத்தியலைத் தொடாமல், ஆறு குண்டையும் டிரிகரை மட்டும் இழுத்துச் சுட்டுப் பாருங்கள். பத்து மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவு காகிதத்தில் ஐந்து குண்டாவது விழவில்லையென்றால் அந்தத் துப்பாக்கியைக் கடையிலேயே விட்டுவிட்டு, ஸ்பிரே டப்பா இரண்டு வாங்கி இடுப்பில் ஒன்று, வண்டியில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.